பொறியரசரின் படையெடுப்பைத் தவிர்ப்பது எப்படி?

சதுரங்கத்தில் நமக்கு எதிரே அமர்ந்திருப்பவர் ஒருவரே. அவருடைய நோக்கமும் ஒன்றே. நம் அரசனைச் சிறைப்படுத்துவதைத் தவிர வேறு எதையும் அவர் நாடுவதில்லை. ஆகையால் அந்த ஆட்டத்தில் தாக்குதலைத் தவிர்ப்பது என்ற பேச்சுக்கே இடம் இல்லை. தாங்குவதும் திருப்பித் தாக்குவதுமே அங்குள்ள கலை. இக்காலத்தில் கணிப்பொறியில் ஆடப்பெறும் நாடாளும் ஆட்டங்களோ வேறு வகையின. அவற்றில் எதிரே ஆறு அரசரோ ஏழு அரசரோ இருப்பர். அவர்களை இயக்குவது பொறி. அவர்கள் தமக்குள்ளேயே நட்பும் பகையும் கொள்வர். ஒருவரோடொருவர் வாணிகம் செய்வர். ஒருவரையொருவர் வீழ்த்தவும் செய்வர். நம்மீது படையெடுத்தே தீர வேண்டும் என்று அவர்களுள் எவரையும் விதி கட்டாயப்படுத்துவதில்லை. படையெடுப்பதும் எடுக்காதிருப்பதும் பெரும்பாலும் நம் நடத்தையைப் பொறுத்தே அமைகின்றன. இவ்வேறுபாட்டை உணராது ஆடுவோர்தாம், மாலை முழுவதும் உழைத்துக் கட்டிய நாட்டை நள்ளிரவில் பறிகொடுத்துவிட்டுப் பொறி வஞ்சித்துவிட்டது என்று நொந்துகொள்கின்றனர்.

இவ்வகை ஆட்டங்களுள் பெயர் பெற்றது ‘சிவிலைசேஷன்’ என்பது. சிட் மையர், புரூஸ் ஷெல்லி என்னும் இருவர் அமைத்த இந்த ஆட்டத்தை அமெரிக்காவின் மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1991 ஆம் ஆண்டு வெளியிட்டது. அதன் பின் பல பாகங்கள் வந்துவிட்டன. நான்காம் பாகம் 2005 ஆம் ஆண்டிலும், ஐந்தாவது 2010 ஆம் ஆண்டிலும், ஆறாவது 2016 ஆம் ஆண்டிலும், ஏழாவது 2025 ஆம் ஆண்டிலும் வந்தன. பெங்களூரிலும் புனேயிலும் குருகிராமத்திலும் தனி அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் நம் இளைஞர்களுள் இந்த ஆட்டத்தை அறிந்தவர் உண்டு. அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர், ‘என்ன, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்?’ என்று கேட்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. அவர்களுக்கும் விளங்கும்படி ஆட்டத்தின் போக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உலகப் படம் ஒன்று அறுகோணக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கி.மு. 4000 இல் ஒரு குடியேற்றக் குழுவோடும் ஒரு வீரர் பிரிவோடும் நாம் தொடங்குவோம். நகரம் அமைப்போம், உழவும் தொழிலும் கல்வியும் வளர்ப்போம், படை திரட்டுவோம். சதுரங்கத்தைப் போலவே இங்கும் ஒவ்வொருவருக்கும் முறை வரும். நம் முறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சிந்திக்கலாம்; முடித்தேன் என்று பொத்தானை அழுத்திய பின்னரே மற்ற அரசர்கள் தம் காரியங்களைச் செய்வர். எல்லோருடைய முறையும் முடிந்தால் அது ஒரு சுற்று. ஆறாம் பாகத்தில் வழக்கமான வேகத்தில் ஓர் ஆட்டத்திற்கு 500 சுற்றுகள். ஆட்டம் ஒன்று முடியப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுவது சாதாரணம். இத்தனை உழைப்பும் முதல் நூறு சுற்றுகளுக்குள் வரும் ஒரே படையெடுப்பில் வீணாகிவிடக் கூடும் என்பதால்தான் இன்றைய பொருளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏற்படுகிறது.

பொறியரசருக்குக் கோபம் உண்டா? திரையில் அவர் முகம் சிவக்கும், புருவம் நெரியும், கடுஞ்சொல் வரும். ஆனால் அந்த முகத்தின் பின்னால் இருப்பது கூட்டல் கழித்தல் கணக்கே. இதை ஊகமாகச் சொல்லவில்லை. நான்காம் பாகத்தின் இயங்குவிதிகளுள் பெரும்பகுதியை, பொறியரசரின் முடிவுகளை நடத்தும் பகுதி உட்பட, ஆட்டத்தை அமைத்தவர்களே 2006 ஆம் ஆண்டு எல்லோரும் படித்துப் பார்க்கும்படி வெளியிட்டார்கள். அதைப் பயின்றவர்கள் கண்ட செய்தி இது: ஒவ்வோர் அரசரும் நம்மைப்பற்றி ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறார். அவருடைய சமயத்தையே நாமும் தழுவினால் மதிப்பெண் ஏறும்; வேற்றுச் சமயமானால் இறங்கும். எல்லைகள் நெருங்கி உரசினால் இறங்கும். அவருடைய பரம விரோதியோடு நாம் வாணிகம் செய்தால் இறங்கும். அவர் கேட்ட உதவியைக் கொடுத்தால் ஏறும். இவற்றின் மொத்தத்தைக்கொண்டு சினம், எரிச்சல், எச்சரிக்கை, மகிழ்ச்சி, நட்பு என்னும் ஐந்து நிலைகளுள் ஒன்றில் அவர் நம்மை வைக்கிறார்.

இதற்கும் மேலாக இன்னொன்று உண்டு. எந்த நிலை வரையில் படையெடுக்கலாம் என்பது அரசருக்கு அரசர் வேறுபடும். பலர் நம்மிடம் மகிழ்ச்சி நிலையை அடைந்துவிட்டால் போர்த்திட்டம் தீட்டுவதில்லை. சிலரோ மகிழ்ச்சி நிலையில் இருந்துகொண்டே படை திரட்டுவர். ரஷ்ய நாட்டுக் காதரீன் அரசியார் அத்தகையவர். ஆகவே முகத்தில் புன்னகை தெரிகிறது என்பதற்காக எல்லோரிடமும் ஒரே வகையாக நம்பிக்கை வைப்பது தவறு. யார் எந்த அளவில் நம்பத்தக்கவர் என்று தெரிந்து வைத்துக்கொள்வதே அந்தப் பாகத்தை ஆடுபவரின் முதல் பாடம்.

நான்காம் பாகத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. பழகிய ஆட்டக்காரர் ஒவ்வொரு சில சுற்றுக்கும் ஒருமுறை இதைச் சோதித்துக்கொள்வர். பக்கத்து அரசரிடம், ‘இன்னாரோடு நீங்கள் போர் தொடுப்பீர்களா?’ என்று கேட்கும் வசதி உரையாடல் திரையில் இருக்கிறது. அவர் மறுக்கலாம், மறுப்புக்குரிய காரணத்தையும் திரை காட்டும். ‘இப்பொழுதே எங்கள் கையில் வேலை நிரம்ப இருக்கிறது’ என்னும் பொருள்படக் காரணம் வந்தால், அவர் யாரோ ஒருவர்மீது படையெடுக்க ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார் என்று அறியலாம். அந்த யாரோ ஒருவர் நாமாகவும் இருக்கலாம். அவருடைய மற்ற அண்டை நாட்டார் எல்லோரும் அவருக்கு நண்பர்களாகவும், நாம் ஒருவரே எரிச்சல் நிலையிலும் இருப்போமாயின் ஐயத்திற்கு இடம் ஏது?

காந்தியடிகளைப்பற்றி உலகம் முழுவதும் வழங்கும் கதை ஒன்றை இவ்விடத்தில் குறிப்பிடாமல் செல்ல முடியாது. முதல் ஆட்டத்தில் இந்தியாவின் தலைவராக வருபவர் அவரே. அவருடைய போர்க்குணத்திற்கு 1 என்னும் மிகக் குறைந்த எண்ணைக் கொடுத்திருந்தார்களாம். அவர் நாடு மக்களாட்சியை ஏற்றதும் அந்த எண்ணில் 2 கழிக்கப்பட்டதாம். 0 முதல் 255 வரையுள்ள எண்களையே அந்த இடத்தில் குறிக்க முடியும் என்பதால் கழித்தல் சுழன்று 255 ஆகிவிட்டதாம். உடனே காந்தியடிகள் அணுகுண்டுகளோடு புறப்பட்டுவிட்டாராம்! கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் சிட் மையர் 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நினைவுக் குறிப்பில் இப்படிப்பட்ட பிழை எதுவும் முதல் ஆட்டத்தில் இருந்ததில்லை என்று எழுதிவிட்டார். அணு ஆயுதம் கையில் இருந்தால் எல்லா அரசரும் பேசும் அதே மிரட்டல் வாசகத்தைத்தான் காந்தியடிகளும் அதில் பேசினார். அது அவர் வாயில் வந்தமையால் மற்றவர்களுக்கு வேடிக்கையாகப் போயிற்று. பிற்பாடு 2010 ஆம் ஆண்டின் ஐந்தாம் பாகத்தில், அணு ஆயுதத்தில் அவருக்கு மிகுந்த நாட்டம் இருக்கும்படி வேண்டுமென்றே அமைத்தார்கள். அந்த வேடிக்கை நமக்கு உவப்பானதா என்பது வேறு கேள்வி. ஆட்டத்தில் ஒருவருடைய பெயரையும் புகழையும் கொண்டு அவர் நடத்தையை ஊகிக்கக் கூடாது. அவருக்கென்று எழுதிவைத்த விதி யாது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இனி ஆறாம் பாகத்திற்கு வருவோம். கணிப்பொறியில் மட்டுமன்றிக் கைப்பேசியிலும் ஆட முடிவது இது. ஆகையால் இதனையே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

இதில் ஒவ்வோர் அரசருக்கும் வெளிப்படையான கொள்கை ஒன்று உண்டு. மறைவான கொள்கை ஒன்றும் உண்டு. வெளிப்படையானது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறாது. எகிப்தின் கிளியோபாட்ரா பெரும்படை உடையவரை மதிப்பார், படையற்றவரை இகழ்வார். ரோமாபுரியின் டிராஜன் பரந்த நிலம் உடையவரை விரும்புவார். சிறு நாட்டாரை விரும்பார். சீனத்துச் சின் ஷி ஹுவாங் உலக அதிசயங்களைக் கட்டுவதில் தம்மை மிஞ்சுபவரைப் பொறுக்கமாட்டார். சுமேரியாவின் கில்கமேஷ் நெடுநாள் நேசத்தைப் போற்றுபவர். தம் நண்பரைக் கண்டிப்பவரையோ தாக்குபவரையோ வெறுப்பவர். மெக்சிகோ நாட்டு மான்டெசுமாவோ, தம்மிடம் இல்லாத ஆடம்பரப் பொருள் நம்மிடம் இருப்பதைக் கண்டாலே மனம் கொதிப்பவர். இப்படி இருக்க, எல்லோரையும் திருப்தி செய்யும் ஒரே வழி என்று எதைச் சொல்வது? சின் ஷி ஹுவாங் பக்கத்தில் இருக்கையில் அதிசயங்களை அடுக்கிக்கொண்டே போகிறவர் தம் கையால் தம் வீட்டுக்குத் தீ வைத்துக்கொள்கிறார். அதே காரியம் கில்கமேஷுக்கு அருகில் எந்தத் தீங்கும் விளைப்பதில்லை. கிளியோபாட்ரா அண்டையில் இருந்தால் வில்லாளர் பிரிவு நான்கைத் திரட்டி நிறுத்துவதே தூது. அங்கே படை வேறு, நட்பு வேறு அன்று.

மறைவான கொள்கை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். அது இன்னதென்று தெரிந்துகொள்ள அவருடைய அரண்மனைச் செய்தி நமக்கு வந்தாக வேண்டும். அதற்கு முதல் வழி தூதுக்குழு. ஓர் அரசரைச் சந்தித்த அதே சுற்றில் 25 பொன் செலவிட்டுத் தூதுக்குழுவை அனுப்பலாம். உறவின் கணக்கில் அது ஏற்றம் தரும். அவரைப்பற்றிய செய்தியும் கூடுதலாகக் கிடைக்கும். இங்கே காலத்தை அறிதல் மிகவும் வேண்டும். சந்தித்த சுற்றிலேயே அனுப்பினால் அவர் ஏற்றுக்கொள்வது எளிது. சில சுற்றுகள் கழிந்து, நம்மிடம் ஏதோ ஒரு குறை கண்டு முகம் திரிந்த பின் அனுப்பினால் வாயிலிலேயே திருப்பிவிடுவார். தொடக்கத்தில் கிடைக்கும் சிறு பொன்னை அப்பொழுதைக்கப்பொழுது செலவழித்துவிட்டு, முதல் சந்திப்பின்போது வெறுங்கையோடு நிற்பதுதான் பலருடைய நட்பைக் கெடுக்கிறது. பக்கத்தில் இன்னும் எவரும் தென்படவில்லை என்றால்கூட 25 பொன்னை எடுத்து வைத்திருப்பதே அறிவுடைமை. எழுத்துக்கலை கற்ற பின் நிலையான தூதரகத்தை அமைக்கலாம்.

தூதுக்குழுவை அடுத்து, எல்லைத் திறப்பு, வாணிக வழி, அவர் விரும்பும் பொருளைச் சற்றே நயமான விலைக்குக் கொடுத்தல் ஆகியவற்றால் மதிப்பெண்ணை உயர்த்தலாம். இவையெல்லாம் எதற்காக? நட்புறவுப் பிரகடனம் என்னும் ஒன்றை அடைவதற்காக. ஆறாம் பாகத்தில் தாக்குதலைத் தவிர்க்கும் கருவிகள் பல இருந்தாலும், உறுதியான கருவி இது ஒன்றே என்பது என் கருத்து. ஏனெனில் மற்றவை எல்லாம் போரின் வாய்ப்பைக் குறைப்பவை. இதுவோ போரையே விதியால் தடுப்பது. வழக்கமான வேகத்தில் 30 சுற்றுகளுக்கு ஒருவர்மீது ஒருவர் போர் தொடுக்கவோ கண்டனம் செய்யவோ இயலாது. சிவில் சர்வீஸ் என்னும் குடிமை முறையை அடைந்த பின் இந்நட்பை நேச ஒப்பந்தமாகவும் வளர்த்துக்கொள்ளலாம். முப்பது சுற்று முடிந்ததும் பிரகடனம் காலாவதியாகும். அது முடியும் சுற்றைத் தாளில் குறித்துவைத்துக்கொண்டு மறு சுற்றிலேயே புதுப்பிப்பவர்களை நான் அறிவேன். அது நகைக்கத்தக்க வழக்கம் அன்று.

நட்பை நாடும்போதே தீமையை விலைக்கு வாங்காமல் இருப்பதும் வேண்டும். பக்கத்து அரசர் ஒருவர், ‘நாம் இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தாக்குவோம்’ என்று அழைப்பார். அழைப்பவர் பலசாலி, மூன்றாமவரோ தொலைவில் இருப்பவர், நமக்குச் சண்டை எட்டாது. எனவே தலையசைத்தால் செலவில்லாமல் ஒரு நண்பர் கிடைப்பார் என்று தோன்றும். தலையசைத்த அன்றே மூன்றாமவர் நமக்குப் பகைவர். அவருடைய நண்பர்களும் நம்மைக் குறைத்து மதிப்பர். எவருடைய நகரத்தையாவது கைப்பற்றினாலோ எல்லா அரசர்களிடமும் கெடுபெயர். 2019 ஆம் ஆண்டின் விரிவுப் பதிப்பில் இக்கெடுபெயரை மனக்குறை என்னும் கணக்காக மாற்றி, யார் யாருக்கு எவ்வளவு தீங்கு இழைத்தார் என்று எண்ணால் காட்டும்படி அமைத்துவிட்டார்கள். அக்குறை சுற்றுக்குச் சுற்று சிறிது சிறிதாகத் தேயும். பொறிக்குத் தீராப் பகை கிடையாது. காத்திருந்தால் பெரும்பாலும் மறக்கும். மனிதரைவிட இந்த ஒரு வகையில் அது மேல்தான்.

அவ்வாறே, ‘எங்கள் எல்லைக்கருகில் இனிக் குடியேறாதீர்’ என்று ஓர் அரசர் கேட்பதுண்டு. ‘சரி’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அங்கே உள்ள நல்ல ஆற்றங்கரையைக் கண்டு ஆசை மேலிட்டு நகரம் அமைப்பவர் வாக்குத் தவறியவராகிறார். இயலாது என்று முதலிலேயே மறுத்துவிடுவதைவிட, கொடுத்த வாக்கை உடைப்பது மிகுந்த தீங்கை விளைக்கும்.

எவ்வளவு செய்தாலும் வசப்படாத அண்டை அரசரும் உண்டு. 2018 ஆம் ஆண்டின் விரிவுப் பதிப்பில் இந்தியாவுக்குச் சந்திரகுப்த மௌரியரை இன்னொரு தலைவராகச் சேர்த்தார்கள். அவருடைய தனித்திறனுக்கு ‘அர்த்தசாஸ்திரம்’ என்றே பெயர். தொலைவில் உள்ளாரிடம் அவர் இணக்கமாக இருப்பார்; அருகில் உள்ளாரை விரும்பார். மைசூரில் ஆர். சாமசாஸ்திரியார் 1905 ஆம் ஆண்டு கண்டெடுத்து 1909 ஆம் ஆண்டு பதிப்பித்த கௌடலியத்தின் மண்டலக் கொள்கையை நேயர்கள் சிலர் அறிந்திருக்கலாம். எல்லை தொட்டிருக்கும் அரசன் இயல்பாகவே பகைவன். அவனுக்கு அப்பால் இருப்பவன் இயல்பாகவே நண்பன் என்பது அதன் சாரம். அந்தக் கொள்கையைத்தான் ஆட்டத்தை அமைத்தவர்கள் ஓர் அரசரின் குணமாக்கிவிட்டார்கள். சந்திரகுப்தர் நம் அண்டையில் இருந்தால் அவருக்குப் பரிசில் அனுப்பிப் பொன்னை வீணாக்குவதைவிட, அவருக்கு அப்பால் உள்ள அரசரோடு நட்புறவு கொண்டு, நம் பக்கத்து மதிலை உயர்த்துவதே மேல். தூதினால் ஆவது எது, அரணால் ஆவது எது என்று பிரித்தறியும் இடம் இது.

அரணைப்பற்றிச் சொல்லுமுன் பொறியரசரின் கணக்கில் மற்றொரு பாதியைச் சொல்ல வேண்டும். வெறுப்பு மட்டும் போருக்குப் போதாது. வெல்லலாம் என்ற கணிப்பும் வேண்டும். நம் படைவலியையும் தம் படைவலியையும் எண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தே அவர் இலக்கைத் தேர்ந்தெடுக்கிறார். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்திருக்கிறார் அல்லவா? பொறி முதலாவதை நன்றாகக் கற்றிருக்கிறது. மூன்றாவதில் மிகவும் பின்தங்கியிருக்கிறது. நம்மைக் காப்பது இந்த இரண்டு செய்திகளுமே.

வலியறிதலில் அது தேர்ந்தது என்பதால், படையே இல்லாத நாடு அதன் கண்ணுக்குத் திறந்த வீடு. முதல் நாற்பது சுற்றுகளில் ஒரே வீரர் பிரிவோடு, உலக அதிசயம் ஒன்றைக் கட்டிக்கொண்டு நிற்பவரை அது விட்டுவைப்பதில்லை. ஆட்டத்தின் கடுமைநிலைகள் எட்டு. அவற்றுள் கடைசியானதில் பொறியரசர் மூன்று குடியேற்றக் குழுக்களோடு தொடங்குகிறார். சண்டையில் அவருடைய பிரிவுகளுக்கு 4 புள்ளி கூடுதல் பலமும் உண்டு. போதாக்குறைக்கு, பழங்காலத்தில் திடீர்ப் போர் தொடுப்பதால் வரும் கெடுபெயரும் குறைவு. எனவே அவருக்கு அக்காலமே வேட்டைக்காலம். கவண் வீரர் பிரிவு ஒன்றால் எதிரிப் பிரிவு ஒன்றையோ காட்டார் பிரிவு ஒன்றையோ வீழ்த்தினால் வில்வித்தை விரைவில் கைகூடும். அதன்பின் வில்லாளர் மூவரோ நால்வரோ இருந்தால் இலக்கு நாமா, வேறொருவரா என்ற தராசு நம் பக்கம் சாயும். இவர்களைக் கொண்டு நாம் ஒரு சண்டையும் செய்யாமல் போகலாம். அவர்கள் நின்றதே பயன்.

படையெடுப்புக்கு முன் தோன்றும் குறிகளும் உண்டு. முறைப்படிப் போர் தொடுக்க விரும்பும் அரசர் முதலில் நம்மைக் கண்டனம் செய்ய வேண்டும். அதன்பின் ஐந்து சுற்று கழிய வேண்டும். கண்டனம் வந்ததைக் கண்டு பதிலுக்கு இரண்டு கடுஞ்சொல் சொல்லிவிட்டுக் களஞ்சியம் கட்டப் போகிறவர் அந்த ஐந்து சுற்றையும் இழக்கிறார். அக்கணமே, கல்தச்சு கற்றிருந்தால், எல்லை நகரில் மதிலைத் தொடங்க வேண்டும். திடீர்ப் போருக்கோ கண்டனம் தேவையில்லை. அதற்குக் குறி படைகளின் நடமாட்டமே. ‘எர்லி எம்பயர்’ என்னும் நிலையை நாம் அடையும் வரையில் நம் எல்லை எல்லோருக்கும் திறந்தே கிடக்கும்; ஆகவே தொடக்கத்தில் அவருடைய வீரர்கள் நம் வயல்களின் நடுவே நடந்து போவதைக் காணலாம். ஒரு பிரிவு போனால் அது நாடு பார்க்கப் போகிறது. நான்கைந்து பிரிவுகள் ஒன்றாக வந்து நகரத்தைச் சுற்றி நின்றால் அவை திருவிழாப் பார்க்க வரவில்லை. எல்லையிலிருந்து படையை விலக்கிக்கொள்ளுமாறு கேட்க உரையாடலில் இடம் உண்டு, கேட்டுப் பார்க்கலாம். ஆனால் கேட்டதோடு நின்றுவிடக் கூடாது.

இனி இடனறிதல். ஆறாம் பாகத்தில் ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்பிரிவே நிற்க முடியும். மலைகளின் இடையே இரண்டு கட்ட அகலமுள்ள வாயில் இருந்தால், பத்துப் பிரிவுகளோடு வந்தாலும் அவர் இரண்டு இரண்டாகத்தான் நுழைய வேண்டும். பொறியரசர் இதைப் பொருட்படுத்தாமல் வரிசையாக வந்து நம் வில்லாளரின் அம்புக்கு இரையாவதைப் பலமுறை காணலாம். ஆற்றுக்கு அப்பாலிருந்து தாக்குவோரின் பலம் குன்றும். குன்றின்மீது நிற்போருக்குக் காப்பு மிகும். நகரத்தை அமைக்கும்போதே இவற்றைப் பார்த்து அமைத்தவர், பின்னால் படைக்குச் செலவிடும் பொன்னில் பாதியை மிச்சம் பிடிக்கிறார்.

மதில் இல்லாத நகரம் எதிரியை எய்ய இயலாது. மதில் எழுந்ததும் நகரமே அம்பு எய்யத் தொடங்கும். மதிலைத் தகர்க்கும் பொறி இல்லாமல் வாள்வீரர் மட்டும் வந்து மோதினால் மதிலுக்குச் சிறிதளவே சேதம் உண்டாகும். ஆகவே படையின் நடுவில் தகர்பொறி வருகிறதா என்று பார்த்து, முதல் அம்புகளை அதற்குத் துணையாக வரும் பிரிவின்மேல் செலுத்த வேண்டும். இன்னொரு செய்தியையும் மறவாதிருத்தல் நலம்: தொலைவிலிருந்து எய்யும் பிரிவுகளால் நகரத்தைச் சேதப்படுத்த முடியுமே ஒழியக் கைப்பற்ற முடியாது. கைப்பற்றுவோர் நெருங்கிப் போரிடும் வீரரும் குதிரைவீரருமே. எதிரியின் படையில் அத்தகையோர் எத்தனை பேர் என்று எண்ணி அவர்களையே முதலில் ஒழித்துவிட்டால், எஞ்சிய வில்லாளர் எத்தனை நாள் வெளியே நின்றாலும் நகரம் நம்முடையதே. நகரைச் சுற்றிலும் எதிரியின் பிடி முழுமையானால் அது முற்றுகை. அப்பொழுது நகரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளாது. ஒரு பக்கத்தையாவது நம் பிரிவு ஒன்றைக்கொண்டு திறந்துவைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் போர் வந்துவிட்ட பிறகு செய்வது. தவிர்ப்பது எப்படி என்ற தலைப்பில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். ஆறாம் பாகத்தின் விதி ஒன்று இரண்டையும் இணைக்கிறது. போர் தொடங்கிய பின் பத்துச் சுற்றுகள் வரையில் எவரும் சமாதானம் பேச முடியாது. பத்துச் சுற்று நகரத்தை இழக்காமல் நின்று, அவருடைய பிரிவுகளில் பாதியை அழித்துவிட்டால், பதினோராம் சுற்றில் பெரும்பாலும் அவரே சமாதானத்திற்கு இசைவார், பொன்னும் கொடுப்பார். சமாதானம் ஆனபின் மறுபடியும் பத்துச் சுற்று அவர் நம்மைத் தொட முடியாது. வெற்றி மிதப்பில் அவர் நகரத்தைத் துரத்திக்கொண்டு போகிறவர், மதில் சூழ்ந்த அந்நகரத்தின் கீழ் தம் வில்லாளரை இழந்து, அடுத்த அண்டை அரசரின் கண்ணுக்குத் திறந்த வீடாகத் திரும்பி வருகிறார். அழைத்தவுடன் சமாதானத்தை ஏற்று, அறுந்துபோன தூதுக்குழுவை மீண்டும் அனுப்ப முயல்வதே அடுத்த படையெடுப்பைத் தவிர்க்கும் முதற்காரியம்.

நகரம் விழுந்ததும் ஆட்டத்தை நிறுத்தி, முன்பே சேமித்துவைத்த நிலையிலிருந்து மீண்டும் தொடங்குவோர் உளர். விதி அதைத் தடுப்பதில்லை. ஆனால் ஐந்து சுற்று பின்னே சென்றால் போதும் என்று அவர்கள் எண்ணுவதுதான் பொருந்தாது. படையெடுப்புக்குரிய காரணம் ஐந்து சுற்றுக்கு முன் தோன்றியதன்று. திருப்பப்பட்ட தூதுக்குழுவிலோ, எல்லைக்கருகே அமைத்த நகரத்திலோ, நாற்பது சுற்றுக்கு முன் தோன்றியது. ஐந்து சுற்று பின்னே சென்றவர் அதே படையை அதே வாயிலில் மறுபடியும் சந்திப்பார்.

சுமார் எண்பது சுற்றுகள் கடந்து, எல்லை நகரங்களுக்கு மதிலும், அண்டையில் ஒருவரேனும் பிரகடனம் செய்த நண்பரும் இருந்துவிட்டால், பொறியரசரால் நேரும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். சிறு நகர அரசுகளுக்குத் தூதர் அனுப்பி அவற்றின் தலைமையைப் பெற்றிருந்தால், அவையும் போர்க்காலத்தில் நம் பக்கம் நிற்கும். பிற்காலத்தில் அரசியல் முறை வேறுபாட்டால் புதிய மனக்கசப்புகள் தோன்றும். அவருடைய அரசியல் முறையையே நாமும் தழுவினால் அதுவும் தணியும்.

2025 ஆம் ஆண்டின் ஏழாம் பாகத்தில் தூதுக் காரியங்கள் அனைத்துக்கும் செல்வாக்கு என்னும் தனி நாணயத்தைச் செலவிடும்படி மாற்றியிருக்கிறார்கள். போர் மூண்டால் அந்தச் செல்வாக்கைக்கொண்டே போருக்கான ஆதரவை நம் பக்கம் திருப்பலாம். ஆதரவு இழந்த நாட்டு மக்களிடம் சலிப்பு மிகும். ஆகவே அமைதிக் காலத்தில் செல்வாக்கைச் சேர்த்துவைத்திருப்பவர் அரணோடு இன்னோர் அரணும் உடையவராகிறார். இப்பாகத்தில் கடல் கடந்து நாடு காணும் இடைக்காலத்திற்குரிய நாடுகளுள் ஒன்றாகச் சோழநாடும் இடம்பெற்றிருக்கிறது. அசோகரைத் தலைவராகக் கொண்டு சோழநாட்டை ஆள்வதும் அதில் இயலும்.